கை படாத எஞ்சின்

"…சும்மா ஓடுற எஞ்சினை ஏன் கழட்டோணும், புள்ள? ஒருத்தன்ட கையும் படாத எஞ்சின் இது. கை பட்டா முடிஞ்சுது, பிறகு அது வேற எஞ்சின்."

சொன்னவர் என் அண்ணன். சொன்ன இடம் ஏறாவூரில் ஒரு கராஜ். கத்தாரிலிருந்து லீவில் வந்தவர், நான் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே பக்கத்து சீட்டில் ஏறிவிட்டார். சீட்டே இரண்டுதான். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். என் கலியாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கினார், வாங்கிய கையோடு கத்தாருக்குப் போனார்.

அன்றிலிருந்து கல்லடிக் கடல்காற்றின் உப்புப் பிடிக்காமல் அதைக் கழுவுகிறவள் நான். பாலத்தைத் தாண்டி டவுனில் இருக்கும் என் தையல் கடைக்கு ஓட்டிப் போகிறவளும் நான். "தையல்காரி ரேஸுக்குப் போறா" என்று சந்தையில் பகிடி பண்ணுவார்கள், எனக்கும் சிரிப்பு வரும். சிரிப்பு வராதது அண்ணன் பேச்சுக்குத்தான். ஒவ்வொரு லீவிலும் பொனெட்டைத் திறந்து வந்தவன் போனவனுக்கெல்லாம் "கை படாதது, கை படாதது" என்று காட்டுவார், பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி. பழைய கார் வாங்குகிறவர்களும் எங்கள் பக்கம் முதலில் கேட்பது அதைத்தான்: எஞ்சின் திறந்ததா? ஒழுங்காகப் பார்த்துவந்தீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் காரில் ஓட்டத்தில் அந்த பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். இந்த மாடலுக்கு வேறு எஞ்சின் இனிக் கிடைக்காது. பெல்ட்டோ, கார் வந்த நாளில் இருந்த அதே பெல்ட்.

பெல்ட் எவ்வளவு நாள் தாங்கும் என்று கராஜ்காரக் காக்காவிடம் கேட்டேன்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "நாளைக்கும் அறும், நாலு வருசம் இழுத்தும் போகும் தங்கச்சி. அல்லாஹ்தான் அறிவான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "திறக்கிறதுதானே, எஞ்சின் ஹெட்டையும் கழட்டி பிஸ்டன் ரிங்கும் மாத்தி முழுசாச் செய்வமே?"

"புகைக்குதா காக்கா?"

"இல்ல."

"ஒயில் குடிக்குதா?"

"அப்பிடியும் இல்ல."

"அப்ப அதில ஏன் கை வைக்கிறீங்க? ரிங் பிழைச்சா புகையாக் காட்டும். பெல்ட் ஒண்டுதான் சொல்லாமப் போறது. அதையும் வாட்டர் பம்பையும் மாத்துங்க, அவ்வளவு காணும்."

"பாத்தியா, நீயே சொல்றாய் கை வைக்க வேணாமெண்டு!" என்று துள்ளினார் அண்ணன்.

அதற்குமேல் எனக்கு அடங்கவில்லை. "அண்ணன், லீவுக்கு லீவு வந்து நீங்க இதைப் பாக்கிறீங்க. பாலத்து நடுவில இது நிண்டு, பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிக்கேக்க உள்ள இருக்கப்போறது நான். கை படாத எஞ்சின்தான் வேணுமெண்டா இந்தாங்க திறப்பு. கண்ணாடிப் பெட்டி செஞ்சு வீட்டு ஹோலுக்குள்ள வைங்க. நான் பஸ்ஸில போறன்."

நான் நீட்டிய சாவியை அண்ணன் வாங்கவில்லை.

"கழட்டினது தெரியுமே, புள்ள," என்றார் மெல்ல. போல்ட் தலைகளில் கம்பனியில் வைத்த மஞ்சள் அடையாளம் இருக்கும். ஸ்பனர் போட்டால் அது அழியும், வாங்க வருகிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

"விக்கப் போறீங்களா?"

"சீ, இதை ஆரு விக்கிறது!"

"அப்ப ஆருக்குத் தெரிஞ்சா என்ன? கழட்டுங்க காக்கா."

பின்னேரம் பழைய பெல்ட் வெளியே வந்தது. அண்ணன் அதைப் பிடுங்கி வளைத்து வளைத்துப் பார்த்தார். ஒரு வெடிப்பும் இல்லை. "நல்ல பெல்ட்! நல்ல பெல்ட்டைப் போய் மாத்தியிருக்கிறாய்!"

"ஓம், நல்லதைத்தான் மாத்தினனான். அறுந்த பிறகு மாத்த எஞ்சின் இருக்காது."

அவர் பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு முன்னால் இருந்த ஹாட்வெயார் கடைக்குப் போனார். மஞ்சள் பெயின்ட் சின்ன டின் ஒன்றோடு திரும்பி வந்து, பொனெட்டுக்குள் குனிந்து, தீக்குச்சி முனையால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பொட்டு வைக்கத் தொடங்கினார்.