கிடைக்காத சொட்டு மருந்து

போன ஆவணியில் என் வீட்டுக்காரருக்கு வலது கண் சிவந்தது. தீபாவளி ஆர்டர் நெருக்குகிற நேரம். பட்டாசுக் கம்பெனியில் பொடி சலிப்பது அவர் வேலை.

அப்போது எங்கள் ஆனைக்குட்டத்தில் பலருக்கும் மெட்ராஸ் ஐ. இதுவும் அதுதான் என்று நாங்களே முடிவு கட்டினோம். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சொட்டு மருந்து வாங்கினால் தெருவே விட்டுக்கொள்ளும். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்ததை வாங்கி அவர் கண்ணில் விட்டேன். முதலில் சிவப்பு குறைந்தது. பிறகு வலி ஏறியது. வெளிச்சம் பட்டாலே முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஏளா, உன் மொகம் பொகையாத் தெரியுது" என்றார்.

மருந்தும் தீர்ந்துபோனது. சிவகாசியில் கேட்ட கடையில் அது இல்லை. திருத்தங்கல் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டேன். 'மாரியம்மா, இந்த மருந்து மட்டும் கிடைத்துவிடட்டும். உனக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறேன்.'

அங்கே மெடிக்கலில் நின்ற பெண்ணிடம் காலிப் பாட்டிலை நீட்டினேன். அவளுக்குப் பின்னால் அலமாரியில் அதே மருந்து இருந்தது. அம்மன் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் எடுக்கவில்லை.

"யாருக்குக்கா? ஒத்தக் கண்ணா, ரெண்டு கண்ணுமா?"

நான் அந்நியரிடம் பேசக் கூசுகிறவள். கூட்டம் வேறு. தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொண்ணா பாக்க வந்திருக்காக? பதிலச் சொல்லுங்கக்கா, நாங்களும் மருந்து வாங்கணும்ல" என்றார் பின்னால் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வெட்கத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு கண்தான். வெளிச்சம் கூசுகிறது. பார்வை மங்கல். பொடி சலிக்கிற வேலை.

"இதத் தர மாட்டேன்க்கா. ஒரு சொட்டும் விடாதீக. இப்பவே கூட்டிட்டுப் போயி கண் டாக்டர்ட்ட காட்டுங்க."

மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கிடைக்கவில்லை. வீடு வரும்வரை அம்மனிடம் கோபித்துக்கொண்டே வந்தேன். இருந்தாலும் அவரை அன்றைக்கே கூட்டிப்போனேன்.

கருவிழியில் ஒரு துகள் குத்திப் புண்ணாகியிருந்தது. டாக்டர் எடுத்துவிட்டார். "அந்தச் சொட்டு செவப்பத்தாம்மா மறைக்கும். உள்ள புண்ணு வளரும். இன்னும் விட்டிருந்தா கண்ணு போயிருக்கும்" என்றார்.

கண் தெளிந்த பிறகு எனக்கு ஒரு யோசனை விடவே இல்லை. கண்ணைப் பார்க்காமலே அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன்.

"என்னன்னு எனக்கும் தெரியாதுக்கா. ஆனா மெட்ராஸ் ஐன்னா பொதுவா ரெண்டு கண்ணுக்கும் பரவும், பார்வை இம்புட்டு மங்காது. நீங்க சொன்னதுக்கு அது சேரல. அதான் பயந்துட்டேன்."

கேள்வி கேட்கவும் ஒரு படிப்பு வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் மருந்தைக் கேட்டேன். அம்மன் மருந்து அறிந்தவளைக் காட்டினாள். இப்போது ஆஸ்பத்திரியிலும் கடையிலும் நானாகவே வாய் திறந்து எல்லாம் சொல்கிறேன்.

நேர்ந்தபடி கண்மலர் வாங்கப் போனோம். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஓரத்துல கீறல் இருக்கு, வேற தாங்க."

"எனக்கே தெரியலயே அண்ணாச்சி! உங்களுக்கு எதுக்குக் கண்மலர்?" என்றார் கடைக்காரர்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

தாய்மாரே, நம்பிக் கும்பிடுங்கள். அம்மன் 'இல்லை' என்றாலும் கொஞ்சம் நின்று கேளுங்கள்.