வெர்டீ பைபாஸைத் தாண்டிய நாள்

எங்கள் பக்கத்து வீட்டு ஆல்வெஸ்டர் கெயின்ஸ், அமெரிக்காவின் தெற்கே இந்தக் கில்பிரைடு நகரில் முப்பத்தெட்டு வருடம் அமரர் ஊர்தி ஓட்டியவர். இந்த ஊர் வளர்ந்ததை அவரைப் போல நிதானமாகப் பார்த்தவர் வேறு யாருமில்லை. மணிக்கு இருபது மைல் வேகத்தில் பார்த்தார். பஞ்சாலை மூடப்பட்டது. பிறகு அதுவே பணக்கார அடுக்ககமாகி, பஞ்சுப் பொதி இறக்கிய முற்றத்தில் நீச்சல் குளம் வந்தது. கார் தொழிற்சாலை வந்தது. இங்கே மனிதர்கள் அன்பானவர்கள் என்று ஏதோ பத்திரிகை எழுத, ஒஹையோவிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள்.

அன்பைத் தேடி வந்தவர்கள்தான் இப்போது சவ ஊர்வலத்தைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள். முன்பெல்லாம் எதிரே வரும் வண்டிகூட ஓரங்கட்டி நிற்கும். செத்தது யாரென்று கேட்க மாட்டார்கள். நான் மட்டும் யோக்கியனா என்ன? நாலு சிக்னலை நிற்காமல் தாண்ட வேண்டி, ஊர்வலத்து வண்டிகளைப் போலவே முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, போலீஸ் துணையோடு போன ஒரு ஊர்வலத்தின் வாலில் சேர்ந்துகொண்டேன். கடைசியில் கல்லறைவரை போய் அழ வேண்டியதாகிவிட்டது. “நல்லாத்தான்டா அழுத” என்றார் ஆல்வெஸ்டர்.

அவர் மனைவி வெர்டீ அந்தப் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். ஆல்வெஸ்டர் முதன்முதலாக ஊர்தி ஓட்டிய அன்று, வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று நின்று தலை குனிந்தாள். அவள்தான் வெர்டீ. இப்படி நின்று நின்றே பாதி நாள் கூலியை இழந்திருக்கிறாள். “முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்கு ஏம்மா?” என்று கேட்டால், “அவங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள்தானே” என்பாள்.

போன மார்ச்சில் வெர்டீ இறந்தாள். கறுப்பர்களை அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியேதான் புதைத்தார்கள். ஊர் பெருத்துப் போய் அந்தக் கல்லறையையும் சுற்றிக்கொண்டது. வெர்டீக்கும் அங்கேதான் இடம்; போகும் வழியின் குறுக்கே ஆறு வரிசைப் பைபாஸ். போலீஸ் துணைக்கு வருவதும் நின்றுவிட்டது.

“பின்பக்க வழியாப் போயிடலாம், மிஸ்டர் ஆல்வெஸ்டர். சிக்னலே கிடையாது” என்றான் அமரர் ஊர்தி முதலாளி பர்னெல்.

“அவ என்ன திருடிட்டா போறா, பின்பக்கமாப் போக? எல்லாருக்கும் நின்னவ. ஊரு அவளுக்கு ஒரு தடவை நிக்கட்டும்.”

சனிக்கிழமை பதினோரு மணி. ஊர்தி பைபாஸைத் தாண்டியது. அடுத்து ஆல்வெஸ்டர் தங்கையோடு இருந்த கார். அதோடு சிக்னல் மாறிவிட்டது. இடைவெளியில் ஒரு வெள்ளைக் கார் மூக்கை நுழைத்தது. பின்னாலிருந்த பத்தொன்பது கார்களும் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டன. கடைசிக் கார் எங்களுடையது.

ஆல்வெஸ்டர் இறங்கித் திரும்பி நடந்தார். நடு ரோட்டில் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஆல்வெஸ்டர்! ஒரே நாள்ல ரெண்டு சாவுச் சாப்பாட்டுக்கு என்னால கோழி பொரிக்க முடியாது, வந்து ஏறு!” என்று தங்கை எஸ்டலீன் அங்கிருந்து கத்தினாள்.

வெள்ளைக் கார்க்காரன் தலையை நீட்டினான். “பெரியவரே, எனக்குப் பச்சை விழுந்திருச்சு.”

“தெரியுதுப்பா. என் பொண்டாட்டி போறா.”

அவன் காரில் அலறிய பாட்டை நிறுத்தினான், அப்புறம் வண்டியையும். பக்கத்து லாரியில் கூரை போடும் ஆட்கள் மூன்று பேர் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். ஆல்வெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டின. தூரத்து இரண்டு வரிசைகள் மட்டும் நிற்பதாயில்லை. ஹாரன் அடித்து, சந்து கிடைத்தபோதெல்லாம் புகுந்து போய்க்கொண்டே இருந்தன.

அம்மா அவர் பக்கத்தில் காரை நிறுத்த, நான் கையைப் பிடித்து ஏற்றினேன்.

“பாக்கத் தைரியம் வரலடா. எல்லாரும் நின்னாங்களா?”

“ஆறு வரிசையும் நின்னுச்சு. ஒருத்தன்கூட அசையல.”

பொய் சொன்னால் பல்லைத் தட்டுகிற அம்மா, கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்து, மெதுவாக ஓட்டினாள்.