சுண்டுவிரல் நின்ற இடம்

இசோல்டே கைப்பெல் வீட்டுக் கதவைத் தட்டினேன். "உள்ள வராதே! அப்படியே நில்லு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வராதே என்று சொல்லும் வீடுகளுக்குள் போவதுதான் ஊர்ச் செவிலியின் வேலை. போனேன்.

அவள் சமையலறை மேசைமுன் மண்டியிட்டு, கம்பளிமேல் கிடத்தியிருந்த லூட்டின் முகப்பலகையில் காதை வைத்திருந்தாள். பாதி பூசணிக்காயைக் கவிழ்த்ததுபோன்ற வயிறும், பின்பக்கம் மடங்கிய கழுத்துமாக இருக்கும் அந்த வாத்தியம் எங்கள் தேவாலயத்தின் சொத்து. இருநூறு வருஷத்துக்கு மேற்பட்டது.

'டிக்' என்றது மரம்.

"கேட்டியா சிஸ்டர்? குதிரை கழலுது."

நரம்புகளைக் கட்டியிருக்கும் குதிரை வெறும் பசையில்தான் பலகைமேல் நிற்கிறது. அதன் பின்விளிம்பில் ஒரு காகிதத் துண்டை நுழைத்துக் காட்டினாள். காகிதம் உள்ளே போனது. போகக்கூடாது என்று எனக்கே தெரிந்தது.

"தளர்த்து."

"தளர்த்திக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரே பக்கமா விட்டா மறுபக்கம் பிய்ச்சுக்கும்."

ஒரு முறுக்காணி இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று திருப்பினாள். விரல் வெடிப்புகளுக்கு நான் முந்தின நாள் போட்டிருந்த கட்டுகளில் ரத்தம் கசிந்திருந்தது. கடைசி நரம்பும் தொய்ந்தது.

இசோல்டே பதினான்கு வயதில், வாத்திய நரம்பு செய்யும் ஆலைக்குப் போனவள். ஆட்டுக்குடலைச் சலவைக்காரத் தண்ணீரில் அலசி, வழித்து, முறுக்குகிற வேலை. அந்த வாடைக்குப் பயந்து பேருந்தில் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். "எனக்கு எப்பவும் ரெண்டு சீட்டு, மந்திரி மாதிரி" என்பாள். அப்பா போரிலிருந்து திரும்பவில்லை. அவர் விட்டுப்போன கித்தார் லூட்டில் தானாகவே வாசிக்கக் கற்றாள். ஆறே நரம்பு, விறைப்பாக இழுத்துக் கட்டியது, நடுவிலுள்ள பூத்துளைமேல் கை வைத்து மீட்டுவது. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் அப்படித்தான். பிறகு தேவாலயத்தின் பழைய லூட் அவள் பொறுப்புக்கு வந்தது. கல்யாணம் கேட்டு வந்தவர்களும் உண்டு. அவளுக்கு அக்கறை இல்லை. லூட்டின்மேல்தான் அக்கறை.

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. பின்வரிசைக்குக் கேட்பதே இல்லை என்று சபைக் குழுவில் பேச்சு. பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசையில் லூட்டுக்கு ஒரே ஒரு பாட்டு உண்டு. அதுவும் கேட்காவிட்டால் வாத்தியத்தை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இசைக்குழு நடத்தும் கன்டோர், "தடிச்ச நரம்பா போட்டு இழுத்துக் கட்டுங்கம்மா, தானா கேக்கும்" என்று சொல்லிவிட்டார். அவளும் போட்டாள். விளைவுதான் அந்த 'டிக்'.

நாங்கள் தையலுக்குப் பயன்படுத்தும் குடல்நூலும் அவள் ஆலையில்தான் ஆகிறது. தையலை இறுக்கிப் போட்டால் காயம் மூடாது, சதை கிழியும். அதைச் சொன்னேன்.

"தெரியுதுல்ல? அதைக் கன்டோர்கிட்டப் போய்ச் சொல்லு" என்றாள்.

குதிரையை ஒட்டவைக்க அடுத்த வீட்டு ஆர்னோ ஹோயர் வந்தார். வயலின் செய்து ஓய்ந்தவர். இதய நோயாளி, என் பொறுப்பு. காது பாதிதான். சபைக் குழுவிலும் இருக்கிறார்.

"இதுக்கு மேல தடிச்ச நரம்பு மாட்டினே, என்னைக் கூப்பிடாதே" என்றார், பசையைச் சூடாக்கிக்கொண்டே.

"மெல்லிசா மாட்டறேன் ஆர்னோ மாமா."

"மாட்டிக்கோ. கொசு பாடற மாதிரி இருக்கும். எனக்குக் கேக்கலேன்னா அனுப்பறதுக்குத்தான் கை தூக்குவேன். பக்கத்து வீட்டுக்காரிங்கறதுக்காகப் பொய் சொல்லமாட்டேன்."

"உங்ககிட்ட யாரு பொய் கேட்டா?"

பசை காய்ந்து, புது மெல்லிய நரம்புகள் ஏறிய அன்று கட்டு மாற்றப் போனேன். குதிரையை ஒட்டிப் பலகையில் கறுப்பாக ஓர் அழுக்கு. கையில் ஸ்பிரிட் பஞ்சு இருந்தது. துடைக்கப் போனேன். இசோல்டே என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவள் விரல் வெடிப்பு மறுபடி திறந்துகொண்டது.

"பாவி! ஸ்பிரிட்டா?"

"அழுக்கு."

"இருநூறு வருஷத்து அழுக்குடி!"

"அப்ப இன்னும் மோசம். அந்த மூலையில யாரு கையை வச்சா?"

அவள் குனிந்து அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலை மெதுவாக அந்தக் கறைமேல் ஊன்றினாள். காசளவு குழிந்திருந்தது, விரல் பொருந்தி நின்றது. மற்ற விரல்கள் தாமாகவே குதிரைக்கு வெகு அருகில் வந்தன. ஒரு நரம்பைச் சுண்டினாள். கொட்டை உடைகிற மாதிரி அறை முழுக்கத் தெறித்தது.

துணிக்கொடி எப்படியோ அப்படி. நடுவில் அமுக்கினால் தொங்கும். கம்பத்தருகே அமுக்கினால் அதே கொடி கெட்டியாக நிற்கும். பழைய ஆட்கள் நரம்பைத் தளர்வாகக் கட்டி, கையை ஓரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இவளோ காலமெல்லாம் தொங்குகிற இடத்திலேயே மீட்டிக்கொண்டிருந்தாள்.

தெரிந்துகொள்வது ஒன்று, கை கேட்பது வேறு. ஒவ்வொரு மாலையும் புது இடத்தில் மீட்டிப் பழகி, மணிக்கட்டு வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் வைத்தேன், திட்டினேன். மறுநாளும் வீக்கம்.

பெரிய வெள்ளியன்று மழை. ஈரக் கோட்டுகளோடு ஊரே தேவாலயத்துக்குள் வந்தது. குடல் நரம்புக்கு ஈரம் ஆகாது. அதிலும், மற்றவை தளர்வாக இருந்தாலும், மேல்நரம்பை அறுகிற எல்லைக்குச் சற்று முன்புவரை ஏற்றிவைப்பது வழக்கம். அவள் முறை வரும்வரை லூட்டைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு, தூணருகே குழந்தைக்காரிபோல் உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி வரிசையில், ஆர்னோவின் பக்கத்தில், மாத்திரையோடு.

பாடகர் எழுந்தார். லூட் தொடங்கியது. எனக்குக் கேட்டது. ஆனால் என் காதை யாரும் கணக்கில் எடுக்கப்போவதில்லை. ஆர்னோவைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாரோ? இடுப்பில் குத்தலாமா என்று யோசித்தேன், இதயக்காரரைக் குத்தக்கூடாது.

அப்போது முன்னால் 'டப்' என்றது. மேல்நரம்பு போய்விட்டது.

பாடகர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். லூட் நிற்கவில்லை. அறுந்ததன் சுரங்களைப் பிடிக்க இசோல்டே இரண்டாம் நரம்பில், கழுத்தின் மேல்மெட்டுகளுக்கு ஏறியிருந்தாள். தோள் காதுவரை உயர்ந்திருந்தது. நான் மாத்திரைப் புட்டியை நெரித்துக்கொண்டிருந்தேன்.

ஆர்னோ என் பக்கம் சாய்ந்து, காது கேளாதவர்கள் ரகசியம் பேசும் குரலில், பாதிக் கோயிலுக்குக் கேட்கும்படி சொன்னார்:

"மேல்நரம்பு அறுந்துடுச்சு. ரெண்டாவது சுருதி இறங்கி நிக்குது. இவளுக்குக் காது இருக்கா இல்லையா?"

நாலு பேர் திரும்பி 'உஷ்' என்றார்கள். நான் 'உஷ்' சொல்லவில்லை. தொடர்ந்து பேசட்டும் என்றுதான் இருந்தேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் அவர் கை தூக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கேக்காததைத்தானே அனுப்பணும்? அது தப்புத்தப்பா கேட்டுத் தொலைச்சுது" என்றாராம். லூட் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

கட்டுப் பிரிக்கப் போனபோது இசோல்டேயிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்தது.

"இறங்கி நின்னுச்சா? சரியாத்தான் இருந்துச்சு! கிழவனுக்குக் காதே போச்சு!"

"கையை நீட்டு. அவருக்குக் காது போச்சுங்கறதை மட்டும் வெளியில சொல்லித் தொலைக்காதே" என்றேன்.