குளித்த தவளையும் குளிக்காத தவளையும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரத்தில் நான் ஆராய்ச்சி செய்த ஆய்வகத்தில், எட்டு கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோத்து ஓடவிட்டிருந்தோம். கிளஸ்டர் என்று பெயர். ஒரு பெரிய கணக்கைத் துண்டு போட்டு எட்டும் பங்கிட்டுக்கொள்ளும். முன்பு சாம்பிள் ஜாடிகள் இருந்த அறை அது. எவ்வளவு துடைத்தாலும் ஃபார்மலின் வாசனை போகாது. நாங்கள் நான்கு மாணவர்கள், ஆளுக்கு இரண்டு மெஷின். வருடத்துக்கு ஒருவர் பொறுப்பு. அந்த வருடம் நான். பொறுப்பேற்ற அன்றே கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: ‘போனில் கேட்காமல் யாருடைய கணக்கு ஓட்டத்தையும் யாரும் நிறுத்தக்கூடாது.’

நான் ஆராய்ந்தது தவளைகளை. கல்லாற்று ஓடைகளில் பிடித்தவை. சில வெளுப்பு, சில சேற்று நிறம். இரண்டும் வெவ்வேறு இனம், அதிலும் வெளுப்பு இதுவரை யாரும் பெயர் வைக்காதது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். டிஎன்ஏவை ஒப்பிட்டு, எது எதற்கு எவ்வளவு நெருங்கின சொந்தம் என்று கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். என் இரண்டு மெஷினில் அது முடிய ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். ஆய்வேட்டைக் கொடுக்க எனக்கு இருந்ததோ ஒரே மாதம். அதுவும் கெஞ்சி வாங்கின தவணை.

ஓணம் விடுமுறைக்கு முந்தின கூட்டத்தில் தவளைப் படங்களைக் காட்டினேன். எங்கள் நால்வரில் எனக்கு ஒரு வருடம் இளையவன், பாறசாலைக்காரன், வீட்டில் தமிழ் பேசுகிறவன், எழுந்து ஏதோ சொன்னான். மலையாளத்தில் ஒருமுறை எல்லோருக்கும். என் பக்கம் திரும்பித் தமிழில் இன்னொருமுறை.

“அக்கா, ரெண்டும் ஒரே தவளைதான் கேட்டீளா. ஒண்ணு குளிச்சிருக்கு, மத்தது குளிக்கல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் அனுப்பின மெசேஜ் எதையும் திறக்கவில்லை. போடா என்று இருந்தேன்.

ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டு, விடுமுறை முடியுமுன்பே திரும்பினேன். தம்பானூரில் பஸ் இறங்கி, கொட்டுகிற மழையில் நேரே ஆய்வகத்துக்குப் போனேன். திரையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் கணக்கு இரண்டு மெஷினில் ஊர்ந்துகொண்டிருந்தது. மீதி ஆறும் அவன் பேரில்! எல்லோரும் லீவில் போன நேரம் பார்த்து ஆறையும் வளைத்துவிட்டானே, திருட்டுப் பயல். போனில் கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. ஓட்டத்தை நிறுத்தினேன். அதோடு விட்டேனா? அது எழுதிவைத்திருந்த ஃபோல்டரையும் துடைத்தெறிந்தேன்.

பிறகு, திட்டுவதற்காகத்தான் அவன் மெசேஜைத் திறந்தேன்.

‘அக்கா, லீவுக்குப் போற ரெண்டு பேருட்டயும் கேட்டு என் பங்கோட அவங்க பங்கையும் சேத்து, பொது ஃபோல்டர்ல கிடந்த உங்க தவளைய ஓட்டி விட்டிருக்கேன். உங்க பாஸ்வேர்ட் தெரியாது, அதான் என் பேர்ல. லீவு முடியுமுன்ன ரிசல்ட் வந்துரும்.’

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுகூட இல்லை. நான் எழுதின தாளை ஒட்டின கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, என் கணக்கை நானே கொன்றிருந்தேன்.

போன் போட்டேன். அழுகையில் பாதி வார்த்தை முழுங்கிப்போனது.

“ஃபோல்டருமா போச்சு?” என்றான்.

“அதையும் அழிச்சுட்டேன்டா.”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“செரி, கரையாதீங்க, கண்ணத் தொடைங்க. நாளைக்குக் காலைல வாறேன்” என்றான்.

சொன்னபடி வந்தான். லீவுக்குப் போனவர்கள் திரும்பி அவரவர் மெஷினைக் கேட்டார்கள். அவனோ தன் இரண்டையும் என் பேருக்கு எழுதித் தந்தான். நான்கு மெஷினில் முதலிலிருந்து ஓடி, கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் முடிவு வந்தது. இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். கம்ப்யூட்டர் வரைந்த வம்ச மரத்தில் வெளுப்பும் சேற்று நிறமும் ஒரே கிளையில் கலந்து கிடந்தன. புது இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எத்தனை வருட ஆசை! அவன் எனக்குச் சாயா வாங்கி வரப் போனான்.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து நின்றேன். “ரெண்டும் ஒரே தவளைதான். ஒண்ணு குளிச்சிருக்கு, மத்தது குளிக்கல்ல” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், என் வழிகாட்டி உட்பட. அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து அவன் முறை. அந்த மாதம் காட்டுவதற்கு அவனிடம் எதுவும் இல்லை. ஏன் என்று வழிகாட்டி கேட்டபோது, மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.