மாடியா, தோட்டமா?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. போன வருடம் அப்பாவுக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. படி ஏற முடியாது.
2. தை மாதம் அண்ணனுக்குத் திருமணம் நடந்தது. அண்ணி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டூட்டி முடித்துத் திண்டிவனம் வந்தால், பகலில் கண்ணை மூட எங்கள் வீட்டில் ஓர் அமைதியான மூலை இல்லை.
3. மாடியில் தனி போர்ஷன் கட்ட வேண்டும், இல்லையென்றால் விழுப்புரத்தில் வாடகைக்குப் போய்விடுவோம் என்றான் அண்ணன்.
4. நான் சிவில் படித்தவள், விழுப்புரத்தில் ஒரு கட்டட அலுவலகத்தில் பிளான் போடுகிறேன். ஆகவே பொறுப்பு என் தலையில் விழுந்தது.
5. பிளான் போட உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

காரணம் இதுதான். எங்கள் பக்கம் யார் வீடு கட்டினாலும், பின்னாளில் மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை மொட்டைமாடிக்கு மேலே நீட்டி விடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதைக் காட்டித்தான் அப்பா சொன்னார்: "இன்னாம்மா யோசிக்கிற? ரெண்டு மாடிக்குக் கம்பி வுட்டு வெச்சிருக்கேன், பாக்கல?"

கம்பி மேலே தெரிகிறது. அடியில் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தோண்டிப் பார்க்கலாம் என்றேன். "நான் கட்டுன வூட்டை நீ சந்தேகப்படுறியா?" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அண்ணனோ, "ஜல்தியா முடி. உன்னால ஒரே பேஜாரு" என்றான்.

பார்க்காமல் பிளான் போட்டுக் கொடுத்தால், என் வீட்டாரின் தலைமேல் நானே பாரம் ஏற்றியவள் ஆவேன். மறுத்தால் அண்ணன் போய்விடுவான். அவன் கைத்தாங்கல் இல்லாமல் அப்பாவால் குளியலறைக்குக்கூடப் போக முடியாது. வேலைக்கு ரயிலில் போகும்போதும் வரும்போதும் அழுதிருக்கிறேன். "ஆண்டவரே, மாடி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் கேட்கவில்லை. அப்பாவின் மனம் நோகாமல் உண்மையைப் பார்க்க வழி திறந்துவிடும்." இதை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எங்கள் வீட்டில் மாலைச் செபமாலை முடிந்ததும், ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வோம். அன்று அப்பாவின் முறை வந்தது. எங்களைப் பார்க்காமல், ஆண்டவர் சுரூபத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஆண்டவரே, கடைக்கால் போட்டப்போ நான் ஊர்லயே இல்ல. கெடார்ல மல்லாட்டைக் கொல்லையில கடலை புடுங்கிக்கினு இருந்தேன். எவ்ளோ ஆழம் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் கம்பி வுடுறாங்களேன்னு நானும் வுடச் சொன்னேன். என் புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

பிள்ளைகளிடம் சொல்ல முடியாததை அவர் கடவுளிடம் சொல்லிவிட்டார். என் செபத்துக்கு அதுவே பதில்.

மறுநாள் அப்பாவே நாற்காலி போட்டு உட்கார, தூணின் ஓரம் தோண்டினோம். அளந்து பார்த்தேன். கீழ்வீட்டைத் தாங்கும் அளவுக்குத்தான் கடைக்கால் போட்டிருந்தார்கள். மாடியைத் தாங்காது.

அண்ணன் மண்வெட்டியைப் போட்டான். "அப்போ விழுப்புரம்தான்."

"யாரு போறது?" என்றார் அண்ணி. "நான் மாடியா கேட்டேன்? தூங்க ஒரு ரூமு, தனியா ஒரு சமையல்கட்டு. பின்னாடி தோட்டத்துல போட்டா ஆவாதா?"

அப்பா முகம் மலர்ந்தது. "போடும்மா. மாடின்னா உன் வூட்டுக்கு என்னால வரவே முடியாதே."

"அதுக்குத்தான் மாமா, உங்க புள்ள மாடி கேட்டாரு!"

அண்ணன் உட்பட எல்லோரும் சிரித்தோம். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முன்பெல்லாம் என் முடிவுக்கு ஆண்டவர் சம்மதிக்க வேண்டும் என்று வேண்டுவேன். இப்போது, உள்ளதை உள்ளபடி காட்டும் என்று மட்டும் வேண்டுகிறேன். வீட்டில் ஒரு முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் சகோதர சகோதரிகளே, நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். உங்களால் திறக்க முடியாத மனதை அவர் திறப்பார். அவருக்கே நன்றி.

தோட்டத்து வீட்டுக்குப் புதுக் கடைக்கால் போட்டாயிற்று. சுவர் ஜன்னல் மட்டம்வரை எழுந்திருக்கிறது. வாசலில் படி கிடையாது, சரிவுப் பாதைதான். அண்ணனும் அண்ணியும் எங்களோடு இருக்கிறார்கள்.