ஐஸ் வாத்தியாரின் வலது கால்

என் வீட்டுக்காரருக்கு ஊரில் ஐஸ் வாத்தியார் என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பியே உயிர் பிழைத்து வருகிற மனுஷன். ஒரு மாணவன் பின் சீட்டில் மறந்துவிட்டுப் போன ஸ்டோயிக் தத்துவப் புத்தகத்தைப் படித்ததிலிருந்துதான் எதற்கும் சூடாகாத இந்த ஐஸ் குணம். அந்த மாணவன் மட்டும் என் கண்ணில் படட்டும், அப்புறம் இருக்கிறது அவனுக்கு.

நம்மால் மாற்ற முடிந்ததை மாற்ற வேண்டும், முடியாததற்கு அலட்டிக்கொள்ளக் கூடாது. இதுதான் புத்தகத்தின் சாரமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூடவே குடித்தனம் நடத்திப் பாருங்கள், தெரியும். காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு என்னென்ன கெடுதல் வரலாம் என்று வரிசையாகச் சொல்லிப் பார்ப்பார். முன்கூட்டியே நினைத்துவிட்டால் அப்புறம் அதிர்ச்சி இருக்காதாம்.

"இன்னைக்கு கிளட்ச் போகலாம். எவனாவது மதில்ல ஏத்தலாம். உன் தங்கச்சி வரலாம்."

"என் தங்கச்சி வர்றது கெடுதலா?"

"சும்மா ஒரு உதாரணத்துக்கும்மா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், "பொங்குறது பாலோட இயல்பு" என்பார். அடுப்பைத் துடைக்கிறது யாருடைய இயல்பாம்? ஒருமுறை ஒரு மாணவி காரைக் கொண்டுபோய்ப் பூக்கடைக்குள்ளேயே விட்டுவிட்டாள். இவர் நிதானமாக இறங்கி, கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, நசுங்கியதில் கொஞ்சம் நன்றாக இருந்ததைப் பொறுக்கி எனக்கு வாங்கி வந்தார். கல்யாணமாகி அவர் எனக்குத் தந்த முதல் பூங்கொத்து அதுதான். டயர் வாசனை அடித்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் நானும் கார் கற்றுக்கொண்டேன். ஒன்பது வருஷமாக பேக்கரியில் ரொட்டி அடுக்கி அடுக்கி என் இடுப்பு போய்விட்டது. டெலிவரி வேன் ஓட்டுகிறவர் வேலையை விட்டுப் போகிறார். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டினால் வேன் உனக்குத்தான் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். அந்த வேன் எனக்கு வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தேர்வில் ஒரு விதி உண்டு. அதிகாரி பின் சீட்டில் இருப்பார். வாத்தியார் முன்னால், வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் கால் பிரேக்கைத் தொட்டால் ஓட்டுகிறவர் ஃபெயில். முதல் தேர்வில் எங்கேயோ தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தது. இவர் மிதித்துவிட்டார். இரண்டாவதில் சைக்கிள்கூட இல்லை, ரோட்டோரம் ஒரு காலி அட்டைப்பெட்டி. அதற்கும் மிதித்தார்! முகத்தில் மட்டும் சாந்தம் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கத்தித் தீர்த்துவிட்டேன். "தொள்ளாயிரம் பேருக்குக் கத்துக்குடுத்திருக்கீங்க! பூக்கடைக்குள்ள விட்டாளே, அவளே பாஸ் பண்ணிட்டா! எனக்கு மட்டும் ஏங்க இப்படி?"

அவர் தலை குனிந்துகொண்டார். "மத்தவங்கன்னா கெடுதலை முன்கூட்டியே யோசிக்க முடியுது. உனக்கு ஏதாவது ஆகிற மாதிரி மட்டும் நான் ஒருநாளும் நினைச்சுப் பார்த்ததில்ல. ரெண்டு தடவை முயற்சி பண்ணேன். காபி தொண்டையில இறங்கல."

இன்னும் அரை மணி நேரம் திட்டுவதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. எல்லாம் மறந்துபோய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

மூன்றாவது தேர்வு கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. இதையும் விட்டால் வேன் போச்சு. இவர் காரில் ஏறியதும் ஷூவைக் கழற்றினார். சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, வலது காலின் கட்டை விரலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார் அதிகாரி.

"நல்லாத்தான் இருக்கேன் சார். இந்தக் கால் சொன்ன பேச்சு கேக்காது, அதான்."

இரண்டாவது திருப்பத்தில் ஒரு கேட்டுக்குள்ளிருந்து லாரி ஒன்று பின்பக்கமாகவே வந்தது, ஒரு ஹாரன் கிடையாது. பக்கத்தில் இவருடைய முட்டி துள்ளியது. விரலை விடவில்லை. பிரேக்கை நானே மிதித்தேன். லாரிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. இவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பயமா, விரல் வலியா, தெரியவில்லை. அதிகாரி ஏதோ எழுதினார்.

"பாஸும்மா" என்றார் கடைசியில்.

நான் குதித்து இறங்கினேன். இவர் அசையவில்லை.

"இறங்குங்களேன்!"

"ரெண்டு காலும் மரத்துப்போச்சு. நீயே வீட்டுக்கு ஓட்டும்மா."

அவர் காலை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். போகும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். லாரிக்கு நின்றேனே, பார்த்தீர்களா, எப்படி நின்றேன் என்று. சிக்னலில் நிறுத்தி, பதிலே இல்லையே என்று கோபமாகத் திரும்பினேன். வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் அந்த சீட்டில் அவர் ஒரு தடவைகூடக் கண்ணை மூடியதில்லை. வலது கால் பிரேக் பக்கத்தில் சும்மா கிடந்தது.

எழுப்ப மனசு வரவில்லை. பேக்கரி இருக்கும் தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு, மெதுவாக வீட்டுக்கு ஓட்டினேன்.