உப்புமாடு வெந்த ஞாயிறு

தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் நாங்கள் இருந்த மேல்மாடி வீட்டில், "குசினி" என்று நாங்கள் சொல்லும் சமையலறையின் யன்னல், மாட்டிறைச்சி வேகும் நாட்களில், காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெளியே எதுவும் தெரியாதபடி நீராவியால் மூடிக்கொண்டுவிடும். மிளகும் கொத்தமல்லியும் பிரியாணி இலையும் உப்பும் கொழுப்புமாகச் சேர்ந்த ஒரு கனத்த மணம் கதவிடுக்கு வழியே வெளியேறி, படியில் இறங்கி, நடையில் தொங்கும் குளிர்கோட்டுகளில் ஏறி, திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டு கூடவே வரும். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் ஒருநாள் மூக்கைச் சுருக்கி என்ன மணம் என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த மணத்தின் மேல் எனக்கு ஆசையும் வெட்கமும் ஒன்றாகவே இருந்தன.

அப்பா மன்னாரில் பிறந்த கத்தோலிக்கர். லண்டனுக்கு வந்த புதிதில் வேறு வேலை அகப்படாமல், வடக்கு லண்டனில் ஒரு வயதான யூதத் தம்பதி நடத்திய, டெலி என்று சொல்லும் இறைச்சிச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனவர், பிறகு அங்கேயே இறைச்சி வெட்டும் மேசைக்கு வந்து, பதினைந்து வருடம் அந்த மேசையை விட்டு நகரவில்லை. உப்புத் தண்ணீரில் ஒரு கிழமை ஊறி, மூன்று நான்கு மணி நேரம் மெல்ல வெந்த மாட்டின் நெஞ்சிறைச்சியை, ஆவி பறக்கப் பறக்க வெட்டிப் பாண் ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பதுதான் அந்தக் கடையின் பேர்போன சாப்பாடு. அதற்கு அங்கே "சோல்ட் பீஃப்" என்று எழுதியிருந்த ஆங்கிலப் பெயரை அப்பா சொல்லுக்குச் சொல் தமிழாக்கி "உப்புமாடு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்ததில்லை.

மன்னாரில் இறைச்சியை உப்பிட்டு வெயிலில் காயவைத்து வத்தலாக்குவார்களாம். "அங்க வெயில், இங்க தண்ணி. உப்பு ரெண்டிடத்திலயும் ஒண்டுதான்" என்று அப்பா சொல்லுவார். கடையில் நாள் முழுக்க வெட்டிவிட்டு வந்தவருக்கு வீட்டிலும் அதைச் செய்ய ஆசை வந்ததை அம்மாவால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அம்மா யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், மாட்டிறைச்சி தொடமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸும் நோர்தன் லைன் ரயிலும் மாறி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைத் தேவாலயப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போவார். யாரும் யாரையும் மாற்ற முயலவில்லை. உப்புமாட்டுக்கென்று தனியாக ஒரு பெரிய பானை, ஒரு கத்தி, ஒரு பலகை இருந்தன. இறைச்சி வேகும் நாளில் அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

வருடத்தில் நாலைந்து தரம் அப்பா அதைச் செய்தாலும், தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு கட்டாயம். விபூதிப் புதனோடு தவக்கால விரதம் தொடங்கி நாற்பது நாளுக்கு வீட்டில் இறைச்சி இல்லை என்பதால், அந்த ஞாயிறு எனக்கு ஒரு பெருநாள். முந்திய ஞாயிறே இறைச்சியை வாங்கி, உப்பும் கொஞ்சம் சீனியும் கடுகும் கராம்பும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அமிழ்த்தி, மிதக்காமல் மேலே ஒரு தட்டை வைத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பேன். பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது, கலங்கிய தண்ணீரும் ஒரு தட்டும்தான். என்றாலும் பார்ப்பேன்.

எனக்குப் பத்து வயதான வருடம், அந்தச் சனிக்கிழமை மாலை, தொலைபேசி அடித்தது. அம்மாவின் அண்ணன். ஜெர்மனியில் இருந்தவர், ஒரு கலியாண வீட்டுக்காக லண்டன் வந்திருந்தார். கத்தோலிக்கரைக் கட்டினாள் என்று பன்னிரண்டு வருடமாகத் தங்கையோடு பேசாதவர். நாளைக்குப் பின்னேரம் ஐந்து மணிபோல வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொன்னாராம். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, கை ஈரமாக இல்லாதபோதும், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு அது வேண்டாமே" என்றார் அப்பாவிடம்.

அப்பா பிரிட்ஜைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏழு நாள் ஊறினது. புதனோட தவக்காலம். விடிய வைச்சனெண்டால் பன்னிரண்டுக்கு முடிஞ்சிடும். யன்னல் எல்லாத்தையும் திறந்து விடுவம். அஞ்சு மணிக்கு ஒரு மணமும் இராது."

அம்மா "ஓம், சரி" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

மாமா பதினொன்றரைக்கே வந்துவிட்டார். காரில் கூட்டி வந்தவருக்குப் பின்னேரம் வேறு அலுவலாம், அது பிறகுதான் தெரிந்தது. வாசல் மணி அடித்தபோது அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அப்பா குசினிக்குள் இருந்தார், பானை கொதித்துக்கொண்டிருந்தது. மாமா அம்மாவைப் போலவே நெற்றி அகன்றவர், திருநீறு பூசியிருந்தார். கதிரையில் உட்கார்ந்தார். என்னைக் கிட்டக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து, எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். பிறகு, "என்ன மணம் இது பிள்ளை?" என்றார்.

எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் சொன்னேன். "கீழ் வீட்டில சமைக்கினம், மாமா."

குசினிக் கதவு திறந்துதான் இருந்தது. அப்பா கரண்டியோடு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன். அடுப்பைத் தணிக்கப்போவது போலத் திரும்பிக்கொண்டார்.

அம்மா மாமாவுக்கு எதிரே தரையைப் பார்த்தபடி இருந்தவர், தலையை நிமிர்த்தினார். "இல்லை அண்ணை. எங்கட அடுப்பிலதான் வேகுது. இவர் சமைக்கிறார்."

"மாட்டிறைச்சியோ?"

"ஓம்."

குசினியில் பானை மூடி துள்ளும் சத்தம் கேட்டது. மாமா எழும்பப்போகிறார் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அவருடைய கை கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. மாமா எழும்பவில்லை. "யன்னலைத் திற பிள்ளை" என்றார் என்னிடம். பிறகு அம்மாவிடம், "தேத்தண்ணி ஒண்டு தா தங்கச்சி" என்றார்.

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்தது அப்பா. மாமா நிமிர்ந்து அவரை முதல் தடவையாகப் பார்த்தார், இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார்.

"போட்ட சீனி காணுமோ?" என்று அப்பா கேட்டார்.

"காணும்."

அவர்கள் இருவரும் பேசியது அவ்வளவுதான். மாமா கோப்பையை மிச்சம் வைக்காமல் குடித்தார். சாப்பிடக் கேட்டதற்கு மட்டும், கலியாண வீட்டில் சாப்பாடு இருக்கிறது என்றார். வாசலில் செருப்பைப் போட்டபடி "வாறன்" என்றார். அம்மா படிக்கட்டில் நின்று கார் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் என்னிடம் கேட்டார். "ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"விடும்" என்றார் அப்பா. "சின்னப்பிள்ளை. எனக்காகத்தான் சொன்னவள்."

அது உண்மையில்லை. நான் அவருக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மூக்கைச் சுருக்கியவளை நினைத்துத்தான் சொன்னேன்; அந்தப் பானையும் அந்த மணமும் எங்களுடையவை அல்ல என்று ஆக்கிவிட, ஒரு நிமிடத்துக்கு நான் ஆசைப்பட்டேன். அதைத் திருத்திச் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா இறைச்சியைத் தூக்கிப் பலகையில் வைத்தார். நார் போகும் பக்கத்துக்குக் குறுக்கே, விரல் தடிப்பில், அவசரப்படாமல் வெட்டினார். அப்படி வெட்டினால்தான் பல்லுக்கு வேலையில்லாமல் உதிரும். கடையிலிருந்து கொண்டு வந்த கறுத்த பாணில் உறைப்புக் கடுகு விழுதைப் பூசி, இறைச்சியை அடுக்கி, மேலே கொஞ்சம் கொழுப்பும், பக்கத்தில் நீளவாக்கில் பிளந்த ஊறுகாய் வெள்ளரிக்காயும் வைத்து எனக்கு முன்னால் தள்ளினார். மற்ற நாட்களைவிடக் கூடுதலாக வைத்திருந்தார். கடுகு மூக்கில் ஏறிக் கண்ணால் தண்ணீர் வந்தது. நல்ல வேளை, காரணம் சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மா அன்று அறைக்குள் போகவில்லை. ஒரு துண்டு வெறும் பாணைப் பிய்த்துத் தின்றபடி, நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை மேசையிலேயே இருந்தார்.

மாமா பிறகு வருடத்துக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்தார், இரண்டு தடவை வந்தார். நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒருநாள் அப்பாவைக் காரில் கூட்டிக்கொண்டு போகையில், துணிந்து அந்தப் பொய்யைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்காகச் சொல்லவில்லை அப்பா, வெட்கத்தில் சொன்னது என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எந்த நாள்? மாமா வந்த நாளோ?" என்றார். பிறகு, "அண்டைக்கு அவர் என்ர கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சவரெல்லே" என்றார். மற்றது அவருக்கு நினைவில்லையா, இல்லாதது போலக் காட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா போய் நாலு வருடமாகிறது. மாமா அதற்கு முன்பே போய்விட்டார். டெலிக் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். ஸ்ட்ரெதம் வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி யன்னல் போட்டுவிட்டார்கள். நான் இப்போது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறேன், அம்மா என்னோடு. தவக்காலத்துக்கு முந்திய ஞாயிறுக்கு ஒரு கிழமை முன் இப்போதும் நான் இறைச்சி ஊறப்போடுகிறேன். அம்மா தொடமாட்டார். என் மகள் போன வருடத்திலிருந்து இறைச்சியை விட்டுவிட்டாள்; கதவைத் திறக்கும்போதே "அம்மா, ஸ்மெல்" என்பாள், பிறகு சொன்னதற்கு வருந்தி என் தோளைக் கட்டிக்கொள்வாள். உப்புமாட்டை ஒருவருக்கென்று சமைக்க முடியாது, சின்னத் துண்டு தண்ணீரிலேயே சுருங்கி வறண்டுபோகும், நெஞ்சிறைச்சியை முழுதாக வாங்க வேண்டும் என்று அப்பா சொல்லித்தான் தந்தார். இறைச்சிக்கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்கும்போது அது ஞாபகம் வராமல் இல்லை. சின்னத் துண்டுதான் வாங்கி வருகிறேன்.